கண் திறக்காத சிப்பாய்

தம்பி, போன வாரம் போனில் நீ என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாய். "மா, வீட்ட வித்துட்டு இங்கயே வந்துடுங்கன்னு எத்தன வருசமா சொல்றேன்? எதுக்குத்தான் இப்பிடி யோசிக்கிறீங்க?" என்பது ஒன்று. "என் பட்டாளத்த பெட்டியில போட்டாச்சா?" என்பது இன்னொன்று. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. உன் இரண்டு கேள்விக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில். அதைப் போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் நானும் சேர்ந்து சிரித்து மழுப்பிவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கல்யாணத்துக்கு நாள் குறித்திருக்கிற பிள்ளைக்குப் புத்தி சொல்லாமல் எந்தத் தாயாலும் கடிதம் எழுத முடியாது, எனவே நடுநடுவே அதுவும் வரும். ஹெலனுக்குப் படித்துச் சொல்லும்போது பயமான இடங்களை விட்டுவிட்டுச் சொல். பாவம், வெள்ளைக்காரப் பெண், நம் வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பே மிரள வேண்டாம்.

உன் அறையில் அந்தப் பொம்மை ஊர் மேசை நீ விட்டுப் போனபடிதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தூசி தட்டுகிறேன். உறவுக்காரர்கள் வந்தால் கதவைத் திறந்து காட்டி, உன் கதையை நானே விளக்குவேன். இது இங்கிலாந்து, ஆனால் நடக்காத இங்கிலாந்து என்பேன். விரும்பிய பெண்ணைக் கட்டுவதற்காக ஒரு ராஜா நாற்காலியை விட்டு இறங்கினாரே, இவன் கதையில் அவர் இறங்கவில்லை, நாடு இரண்டுபட்டுப் போனது, வெள்ளைக்காரனை வெள்ளைக்காரனே சுடுகிறான் என்பேன். ஒரு நாள் உன் பெரிய மாமா டீயை உறிஞ்சிக்கொண்டே, "நல்லா சுடட்டும்லா, நமக்கென்ன," என்றார். கட்டைவிரல் உயரச் சிப்பாய்களைக் குனிந்து பார்த்தவர் பிறகு நிமிரவே இல்லை. தேவாலயம், கல்பாலம், வேலி, சின்னச் சின்னப் புகைபோக்கி வீடுகள், ஒரு ரயில் நிலையம், அதன் முன்னால் தண்டவாளம், எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு ஒன்று சொன்னார். "எல்லாம் சரி. காடு மட்டும் ஏன் இப்பிடி வரிசையா நிக்குது?"

அதுவரை எனக்கும் அது கண்ணில் படவில்லை. பாட்டில் கழுவும் பிரஷ்ஷை வெட்டி நீ செய்த அந்த மரங்கள், நேர்கோட்டில், ஒரே இடைவெளியில், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் நட்ட மாதிரி நின்றன. தோட்டத்தில் பிறக்காத பிள்ளை நீ. பால்வெட்டும் கத்தியை ஒரு நாளும் கையில் பிடிக்காதவன். படம் பார்த்துப் பார்த்து இங்கிலாந்துக் காட்டைச் செய்கிறேன் என்று உட்கார்ந்தவன் கை, தானாக நிரை பிடித்திருக்கிறது. அன்றைக்கு அதைச் சொல்லி எல்லாரும் சிரித்தோம்.

போன தடவை லீவில் வந்தபோது நீ செய்த நம் ஊர்ப் பேராக் பட்டாளத்தைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். உன் கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. "வெள்ளைக்காரன் ஊர்ல சண்ட வந்தா, தோட்டத்துத் துரையெல்லாம் ஊருக்கு ஓடுவான் மா. போறப்ப ஆள் வேணும்னு நம்ம ஆளுங்களையும் பட்டாளமா கூட்டிட்டுப் போவான். அப்ப ஜப்பான்காரன் வர்றப்ப உங்க பெரியப்பா, நம்ம பெரிய தாத்தா, தோட்டத்துலயே இருக்க மாட்டாரு. சயாமுக்குத் தண்டவாளம் போட ரயில் ஏத்த ஆள் இருக்காது," என்றாய். சொல்லிக்கொண்டே ஒரு பொம்மையின் கையை வெட்டி இன்னொன்றுக்கு ஒட்டினாய். இரும்புத் தொப்பியைச் செதுக்கி எடுத்துவிட்டுப் பச்சைக் களிம்பில் தலைப்பாகை சுற்றினாய். சண்டைக்காரர்கள் இடுப்பில் பால்வெட்டும் கத்தியைச் செருகினாய். நான் எழுந்து கோப்பி கலக்கப் போனேன். வளர்ந்த பிள்ளை பொம்மையை வைத்து விளையாடுகிறானே என்று உன்னைப் பற்றிக் கவலைப்பட்டதுண்டு. அன்றோடு அந்தக் கவலை போயிற்று. நீ விளையாடவில்லை, பார்த்தே அறியாத ஒரு மனிதனை ரயிலிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாய்.

கண் வரைவது மட்டும் என் வேலையானது. உனக்குக் கை நடுங்கும். கல்யாணத்துக்கு முன்னால் கமுந்திங் தொழிற்பேட்டையில் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டிக்கொண்டிருந்தவள் நான், எனக்கு அரிசி அளவு முகமெல்லாம் பெரிய முகம். கண்ணை எப்போதும் கடைசியில்தான் திறக்க வேண்டும், கோயிலில் சாமிக்கு அப்படித்தான், கண் திறந்த பிறகு பட்டினி போடக் கூடாது என்று நான் சொன்னதற்கு, "அப்ப இத்தன பேருக்கும் சோறு போடுவீங்களாமா?" என்று கேட்டாய். "இவங்களுக்கெல்லாம் வெள்ளைக்காரன் போடுவான். பேர் வச்ச பொம்மைக்குத்தான் பசிக்கும்," என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். நீயோ உடனே முன்வரிசையில் நின்ற ஒன்றை எடுத்து, "இதுதான் பெரிய தாத்தா, மாரிமுத்து," என்று என் உள்ளங்கையில் வைத்தாய். அந்த ஒன்றுக்கு மட்டும் நான் கண் வரையவில்லை. அவருடைய படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. பார்க்காத ஆளுக்கு எப்படிக் கண் வைப்பது, இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன். நீயும் பசை காயட்டும் என்று எல்லாரையும் ரயில் நிலையத்தின் முன்னால் வரிசையாக நிறுத்திவிட்டு விமானம் ஏறிவிட்டாய்.

உண்மைக் காரணம் அது இல்லை, தம்பி. உன் தாத்தா, அதாவது என் அப்பா, உயிரோடு இருந்தவரை அவருடைய அண்ணனுக்குத் தீபாவளிப் படையலில் இலை போட விட்டதில்லை. இது உனக்குப் பாதிதான் தெரியும். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், ஒரு காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள்கள் வரிசையாக நிற்கும்போது, சயாமுக்குப் போக வேண்டியவர்கள் பெயரைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி வாசித்திருக்கிறார். வாசித்தது அப்பாவின் பெயரை. அப்பாவுக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. "கிராணி கூப்பிட்டது எம்பேர. கைய தூக்கினது அண்ணன். எம்பேரத் தூக்கிட்டுப் போயிட்டான்," என்பார் அப்பா. லாரியில் ஏற்றி ஈப்போவுக்குக் கொண்டுபோய் அங்கே ரயில் ஏற்றினார்கள். திரும்பி வந்த சிலரில் ஒருவர் வாந்திபேதி என்றார், ஒருவர் காட்டுக்குள் ஓடினதைப் பார்த்தேன் என்றார். புதைத்தேன் என்று சொன்னவர் யாரும் இல்லை. அதனால் அப்பாவுக்கு அண்ணன் சாகவில்லை. துரைமார் தோட்டத்தை விற்றுத் துண்டாடியதில் நாங்கள் இந்தப் புந்தோங்குக்குக் குடிவந்தபோது, லயத்து வீட்டுச் சுவரில் தாரால் இந்த வீட்டு விலாசத்தை எழுதிவிட்டுத்தான் அப்பா லாரி ஏறினார். உனக்கு நினைவிருக்கிறதா, நீ சின்னப் பையனாக இருந்தபோது உன்னை அங்கே கூட்டிப்போனேன். சுற்றிலும் எண்ணெய்க்கு நட்ட செம்பனை மரங்கள், நடுவில் கூரையில்லாத அந்தச் சுவர், அதில் நம் வீட்டு நம்பர். நீ பயந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாய். இப்போது அந்தச் சுவரும் இல்லை.

நீ பிறந்த வருடம், பிள்ளை பெற்ற தைரியத்தில், தீபாவளிக்கு முதல்நாள் படையலில் நான் கூடுதலாக ஓர் இலை போட்டேன். அப்பா அதைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் வீசினார். "எங்கண்ணன சாகடிக்கப் பாக்கிறியா?" என்று கேட்டார். அந்தத் தீபாவளி முழுக்க என்னோடு பேசவில்லை. கடைசிக் காலத்தில், படுத்த படுக்கையிலும், கேட்டைப் பூட்டாதே, ஆள் வருவான் என்பதுதான் அவர் என்னிடம் சொன்னது. இத்தனை வருடமாக நான் யோசித்ததற்குக் காரணம் இதுதான். வீட்டை விற்றுவிட்டால் வருகிறவர் எங்கே வருவார்? எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது, வந்தாலும் அவருக்கு நூறு வயது தாண்டியிருக்கும். ஆனாலும் உன் அப்பா இறந்து நான் தனியாக நின்ற வருடங்களிலும் அந்த கேட்டை நான் பூட்டவில்லை.

இனி ஹெலனுக்குச் சொல்ல வேண்டாத பகுதி. நீ போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, மேசையைத் தட்டப் போனபோது பட்டாளம் முழுக்க ரயில் நிலையத்தைப் பார்த்து நிற்க, கண்ணில்லாத அவர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பல்லி ஓடியிருக்கும் என்று திருப்பி வைத்தேன். அடுத்த வெள்ளியும் அப்படியே. ரோட்டில் லாரி போகிற அதிர்ச்சி என்று நினைத்தேன். மின்விசிறியைக் குறை சொன்னேன். பிறகு அவர் காலடியில் மெழுகை உருக்கி ஊற்றி மேசையோடு ஒட்டினேன். மறுவாரம் திரும்பித்தான் நின்றார். மெழுகு உடையவில்லை, தம்பி. ஒரு கீறல்கூட இல்லை. அன்றைக்குத் தூசி தட்டாமலே வெளியே வந்துவிட்டேன்.

அதன் பிறகு வாடை வர ஆரம்பித்தது. மழை பெய்து ஓய்ந்த மத்தியானங்களில் உன் அறையிலிருந்து கட்டிப்பால் நாற்றம், உறைந்த ரப்பர்ப் பாலின் நாற்றம். தோட்டத்து ஆள்களுக்கு அந்த நாற்றம் செத்தாலும் மறக்காது. என் மூளைதான் பழசைக் கிளறுகிறது என்று இருந்தேன். பக்கத்து வீட்டுச் சீனத்தி ஆ சோ வேலிக்கு மேலே தலையை நீட்டி, "பாவு கெத்தா லா! என்ன காய்ச்சுற?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்ட பிறகு அப்படி இருக்க முடியவில்லை. ரப்பர் வாடை அவளுக்கும் வந்திருக்கிறது. என் பழைய பூதக்கண்ணாடியை எடுத்துப் போய் மேசையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். உன் பிரஷ் மரங்களின் தண்டில், சாய்வாக, பால் வெட்டின மாதிரி மெல்லிய வெட்டு. ஒரு மரம் விடாமல், நிரை நிரையாக. உன்னைக் கூப்பிட்டு, மரத்தில் கோடு போட்டாயா என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "நா எதுக்கு மா அத போடணும்? இங்கிலாந்துல ஓக் மரத்துல பாலா வெட்டுவான்?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு உன் அறைக் கதவைச் சாத்தினேன்.

பயந்துகொண்டே இருப்பதிலும் ஒரு அலுப்பு வந்துவிடும். ஒரு நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். என்னதான் பார்க்கிறார், எதைப் பார்க்க மாட்டேன் என்கிறார் என்று அவர் நிற்கும் மட்டத்துக்குக் குனிந்து பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. நீயும் நானும் எவ்வளவு பெரிய முட்டாள்கள்! ரயிலிலிருந்து இறக்குகிறேன் என்று கதையெல்லாம் கட்டிவிட்டு, அந்த மனிதனைப் பெரட்டு மாதிரி வரிசையில் நிறுத்தி, கொண்டுபோய் ஒரு ரயில் நிலையத்தின் முன்னாலேயே விட்டுவைத்திருக்கிறோம். உன் கதையில் அந்த ரயில் வெற்றிக்குப் போகலாம். அவருக்கு ரயில் ஒன்றுதான். தண்டவாளத்தைப் பிடுங்கி எடுத்தேன். பசை போட்டு ஒட்டியிருந்தாய், புல்லும் மண்ணும் பெயர்ந்து வந்தது, மன்னித்துக்கொள். "பெரியப்பா, தெரியாமப் பண்ணிட்டோம்," என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வரிசையை விட்டே வெளியே வந்து மேசை ஓரத்தில் நின்றார், சமையலறையைப் பார்த்தபடி. எனக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்தது. "அய்யோ, அலாமாக், பசியா?" என்றேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. எத்தனையோ தீபாவளிக்கு எல்லாருக்கும் இலை போட்டு, இவரை மட்டும் உயிரோடு வைத்திருக்கிறோம் என்று சொல்லிப் பட்டினி போட்டிருக்கிறோம். அப்பாவின் பாசத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாசத்தால் பசியாறியது யார், சொல்?

தீபாவளிக்கு முதல்நாள் காலையில் குளித்துவிட்டுப் பூதக்கண்ணாடியும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தேன். யார் கண்ணை வைப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கைக்கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். இடது இமை கொஞ்சம் தாழ்ந்த கண், அப்பாவுக்கும் அப்படி, உனக்கும் அப்படி. அதையே வைத்தேன். சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே படையல் போட்டேன். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, உன் அப்பாவுக்கு, அவர்கள் பக்கத்தில் மாரிமுத்துப் பெரியப்பாவுக்கு. அண்ணனுக்குப் பிடிக்கும் என்று அப்பா சொன்ன நெத்திலிக் கருவாடும் பால் சேர்க்காத கட்டங்காப்பியும் வைத்தேன். புது வேட்டி ஒன்றை மடித்து வைத்து, அதன்மேல் அவரை இலையைப் பார்க்க நிறுத்தினேன். சூடம் காட்டினேன். பிறகு வழக்கம்போல் அவர்கள் சாப்பிட இடம் விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சின்ன வயதில் நீ இதற்காகத்தான் காத்திருப்பாய். கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு, உள்ளே இருப்பவர்கள் திடுக்கிடக் கூடாது என்று கதவைத் தட்டிவிட்டுத்தானே நுழைவோம். தட்டுகிற வேலையை நீ யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாய்.

இந்த வருடம் நான் மட்டும்தான். கேட் திறந்திருந்தது, பழக்கத்தில் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தெருவில் பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருந்தார்கள். போதும் என்று தோன்றி, தட்டுவதற்காகத் திரும்பிக் கையை உயர்த்தினேன். தம்பி, கை கதவில் படவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து தட்டினார்கள்.

மெதுவாகத்தான் தட்டினார்கள், வெளியே இருப்பவள் திடுக்கிடக் கூடாது என்கிற மாதிரி. அந்தத் தட்டலில் இருந்த மரியாதைதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. இத்தனை வருடம் அப்பாவும் நானும் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்து நின்றிருக்கிறோம். அவரோ எப்போதோ வந்து, சாப்பிடக் கூப்பிடுவார்கள் என்று உள்ளேயே காத்திருந்திருக்கிறார். கதவைத் திறந்தேன். கோப்பி வாசமும் கட்டிப்பால் வாடையும் கலந்து வந்தது. சோறு வைத்தபடி இருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இலையைப் பார்க்க நிறுத்திய பொம்மை கதவைப் பார்த்து நின்றது, என்னைப் பார்த்து, நம் வீட்டுக் கண்ணால். "வாங்க பெரியப்பா," என்றேன். பிறந்ததிலிருந்து யாரையும் நேரில் அப்படி அழைக்கக் கொடுத்துவைக்காதவள் நான். தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பிறகு அந்த இலையில் நானே சாப்பிட்டேன். கருவாட்டில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

மறுநாளிலிருந்து கேட்டைப் பூட்டுகிறேன். வாடை இல்லை, யாரும் திரும்புவதில்லை. வீட்டை விற்க ஆள் பார்க்கச் சொல்லி உன் பெரிய மாமாவிடம் சொல்லியாயிற்று. இங்கே நான் காத்திருக்க வேண்டியவர் யாரும் இனி இல்லை, நீ கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். புத்தி என்று ஒன்று சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்கிறேன்: வெளியே கிளம்பும்போது எங்கே போகிறாய் என்று ஹெலனிடம் சொல்லிவிட்டுப் போ. அவள் கோபமாக இருந்தாலும் சோறு வை. அவளுக்குப் பிடிக்கும் என்று எதையாவது மனதுக்குள் வைத்துக் காக்காதே, அவளிடமே கேள். உன் அம்மா மாதிரி அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லிப் போனை வைக்காதே.

உன் பட்டாளத்தைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். மரங்களும் வருகின்றன, அந்த வெட்டுகளோடு. தண்டவாளத்தையும் ரயில் நிலையத்தையும் கொண்டுவரவில்லை, அங்கே போய்ப் புதிதாகச் செய்துவிடவும் செய்யாதே. அவரை மட்டும் பெட்டியில் போட மனம் வரவில்லை, புது வேட்டித் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். ஈப்போவிலிருந்து ஏர்போர்ட்டுக்கு ரயிலில் போனால் சொகுசு என்று எல்லாரும் சொல்கிறார்கள், நான் பஸ்ஸுக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். விமானத்தில் ஜன்னலோர இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன், கீழே பார்த்தால் எனக்குத் தலை சுற்றும் என்பது உனக்குத் தெரியும். அங்கே இறங்கியதும் உன் ஊருக்கு ரயிலில் போகலாம் என்று சொன்னாயே, அதை மட்டும் மாற்றிவிடு. எவ்வளவு தூரமானாலும் காரை எடுத்துக்கொண்டு வா. நாங்கள் இரண்டு பேர் வருகிறோம்.